ஒரே கல்லில் மூன்று கதை: வட ஆர்க்காட்டில் சமயம், அரசியல், கலை மூன்றையும் சேர்த்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்" என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. பாலாற்றையும் சுற்றியுள்ள மொட்டைக் குன்றுகளையும் பற்றிச் சொன்ன முதல் இரண்டும் இன்றும் பெருமளவு பொருந்துகின்றன. பின்னிரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதுதான் கவனிக்கத் தக்கது. கோட்டை அரசனை இழந்ததற்கும் கோயில் சாமியை இழந்ததற்கும் காரணம் ஒன்றே என்பதை இந்த ஊரார் எந்த வரலாற்று நூலையும் படிக்காமலேயே உணர்ந்திருக்கிறார்கள். சமயத்தை ஒரு பாடமாகவும், அரசர்களின் போர்களை வேறொரு பாடமாகவும், சிற்பத்தை மூன்றாவது பாடமாகவும் பிரித்து வைத்தே நாம் பள்ளியில் கற்றோம். களத்தில் நிற்கும் கல்லோ அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. அந்தக் கல்லை முழுதாகப் படிக்க விரும்பும் புதியவர்களுக்காக, வார இறுதிகளில் இந்த வட்டாரத்தைச் சுற்றிப் பழகிய ஒருவனின் அனுபவத்திலிருந்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: எல்லையைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

பழைய கல்வெட்டுத் தொகுதிகளில் "வட ஆர்க்காடு மாவட்டம்" என்று குறிக்கப்பட்ட ஊரை இன்றைய வேலூர் மாவட்டத்தில் மட்டும் தேடினால் பாதி இடங்கள் அகப்படா. 1911 வரை சித்தூரும் இதனுள்தான் இருந்தது. 1989இல் திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமாயிற்று. 2019இல் எஞ்சிய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆகவே போளூருக்கு அருகிலுள்ள திருமலையும், செய்யாறு வட்டாரத்துக் கூத்து ஊர்களும், அரக்கோணம் பக்கத்துத் தக்கோலமும் நம் பயணத்துக்குள் அடங்கும். ஒரு குறிப்பேட்டில் ஊர்ப் பெயரை எழுதி, பழைய வட்டம், இன்றைய வட்டம், கல்வெட்டில் வரும் நாட்டுப் பெயர் என மூன்று பத்திகள் போட்டுக்கொண்டால் பிற்பாடு பெருங்குழப்பம் தவிரும்.

இரண்டாம் படி: படிப்பதற்கு முன் சுற்றி வாருங்கள்

ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். வேலூர் வெயிலில் பதினொரு மணிக்குமேல் பாறை சுடும் என்பதோடு, உச்சி வெளிச்சத்தில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் கல்லோடு கல்லாகிவிடும் என்பதும் விடியலிலேயே போய்ச் சேர்வதற்குக் காரணம். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியில் அதே எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். இருண்ட மண்டபங்களில் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் இதே பலன் கிடைக்கும். சாக்கட்டியால் எழுத்தை நிரப்புவது, எண்ணெய் தடவுவது, ஆணியால் சுரண்டுவது ஆகியவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள். கல்வெட்டைத் தாளில் ஒற்றி மைப்படி எடுப்பது தொல்லியல் துறையினரின் பணி. நமக்குப் புகைப்படமே போதும்.

முதலில் கட்டடத்தை ஒருமுறை வலம் வந்து, எது பழையது, எது பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்று பாருங்கள். அதிட்டானக் கல்லின், அதாவது கோயிலின் அடித்தளக் கல்லின், நிறம் ஓரிடத்தில் மாறினாலோ, கல்வெட்டு வரி பாதியில் அறுந்து அடுத்த கல்லில் வேறு செய்தி தொடங்கினாலோ, அந்தச் சுவர் பிரித்துக் கட்டப்பட்டது என்று பொருள்.

மூன்றாம் படி: கல்வெட்டை அதன் உறுப்புகளாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். சோழர் காலக் கல்வெட்டு ஒன்று பெரும்பாலும் மங்கலச் சொல்லில் தொடங்கி, அரசனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு, நாடும் ஊரும், கொடுத்தவர், கொடுத்த பொருள், அதைக் காக்கும் பொறுப்பேற்றவர் என்ற வரிசையில் நகரும். மெய்க்கீர்த்தி அரசியல், கொடை சமயம் என்று உடனே கோடு போடத் தோன்றும். அப்படிப் போடாமல் இரண்டும் எங்கே உராய்கின்றன என்று கவனியுங்கள்.

திருமலைப் பாறையிலுள்ள முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். போளூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத அந்தச் சமணக் குன்றில், "திருமன்னி வளர" என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி வரிவரியாக ஓடுகிறது. இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, ஈழம், சக்கரக்கோட்டம், ஒட்ட விஷயம், கோசலம் எனப் பட்டியல் வடக்கு நோக்கி ஏறுகிறது. ஓயாத மழைச்சாரலுக்குப் பெயர்பெற்ற வங்காள தேசத்தில் கோவிந்தசந்தன் தோற்கிறான், மகிபாலன் தோற்கிறான், கடைசியில் கங்கை வருகிறது. ஒரு பேரரசின் படையெடுப்பு வரலாற்றுக்கே அடிப்படைச் சான்றாக அறிஞர்கள் எடுத்தாளும் வரிகள் இவை. இவ்வளவும் சொல்லி முடித்தபின் கல்வெட்டு தன் சொந்தச் செய்திக்கு வருகிறது. மல்லியூரில் வாழ்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயம் என்ற சமணக் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைத்தாள். அவ்வளவுதான் செய்தி.

முதன்முறை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு விளக்குக்கு எதற்குக் கங்கை வரை போகும் முன்னுரை என்று தோன்றிற்று. மூன்றாம் முறை படிக்கையில்தான் அது நகைப்புக்குரியதன்று என்று விளங்கியது. வங்கத்தில் நடந்த போரின் செய்தி, தொண்டை மண்டலத்துக் குன்றொன்றில் ஒரு வணிகன் மனைவியின் கொடையோடு ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அரசன் தன் புகழைப் பரப்பச் சமயக் கொடையைப் பயன்படுத்திக்கொண்டான். அந்தப் பெண் தன் விளக்கு அணையாமலிருக்க அரசன் பெயரின் காவலைப் பெற்றாள். கன்னட வாடை வீசும் அவள் பெயரும், கோயிலுக்குச் சோழ இளவரசி குந்தவையின் பெயர் இருப்பதும், சைவப் பேரரசு என்று நாம் அழைக்கும் அரசின் நிழலில் சமணப் பள்ளி செழித்திருப்பதும் அந்தச் சில வரிகளிலேயே கிடைக்கின்றன. ஆரணி, வந்தவாசி, போளூர்ப் பக்கங்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். திருமலையில் வழிபாடும் நடக்கிறது. அங்கே பாறையில் நிற்கும் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதரின் உயரத்தைப் பார்த்து வியந்து திரும்பிவிடாமல், கல்வெட்டின் முன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

நான்காம் படி: காலத்தைக் கணியுங்கள்

சக ஆண்டு இருந்தால் 78 கூட்டினால் பெரும்பாலும் கிறித்தவ ஆண்டு கிடைத்துவிடும். ஆட்சியாண்டு மட்டும் இருந்தால் எந்த அரசன் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிச் சூடியதால், வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது ஆபத்து. அடைமொழியைத் தேடுங்கள். "மதிரை கொண்ட" என்றால் முதலாம் பராந்தகன். "கச்சியும் தஞ்சையும் கொண்ட" என்றால் அவன் சோழனே அல்லன், இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன், அதாவது மூன்றாம் கிருஷ்ணன்.

இந்தக் கன்னரதேவனின் பெயர் நம் வட்டாரத்துக் கோயில்களில் வருவதற்குக் காரணம், 949இல் தக்கோலத்தில் நடந்த போர். பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டு, "ஆனைமேல் துஞ்சின தேவர்" ஆனான். அதற்குமுன் சோழனின் ஆண்டைச் சொல்லிக் கொடை எழுதிய ஊர்கள், அதற்குப்பின் கன்னரதேவனின் ஆண்டைச் சொல்லி எழுதின. சாமி அதே சாமி, விளக்கும் அதே விளக்கு. "சாவா மூவாப் பேராடு" என்று பொறித்து, ஒரு விளக்கின் நெய்க்காக, எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய தொண்ணூற்றாறு ஆடு விடும் வழக்கமும் மாறவில்லை. ஆட்சி மாறியதை ஊர் எப்படி எதிர்கொண்டது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

கல்வெட்டில் எது இல்லை என்பதும் காலம் சொல்லும். திருமலைக் கல்வெட்டு கங்கையோடு நின்றுவிடுகிறது, கடாரம் அதில் இல்லை. அடுத்த ஆண்டுக் கல்வெட்டுகளில் கடார வெற்றி நுழைந்துவிடுகிறது. ஆகவே 1024-25 வாக்கில் பொறிக்கப்பட்ட இந்தக் கல், கடல் கடந்த வெற்றிச் செய்தி இங்கே எட்டுவதற்கு முந்தையது.

ஐந்தாம் படி: "பள்ளி" என்று வந்தால் நிதானியுங்கள்

தேவதானம் என்றால் கோயில் நிலம், பிரமதேயம் என்றால் பிராமணர்க்கு விட்ட ஊர், பள்ளிச்சந்தம் என்றால் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம். இந்த மூன்று சொற்களும் அரசு யாருக்கு வரிச்சலுகை கொடுத்தது என்பதைச் சொல்லும் வருவாய்த் துறைச் சொற்கள். பொன்னையாற்றங்கரையில் உள்ள மேல்பாடிக்கு முதலில் போன நாளில் நான் ஒரு பிழை செய்தேன். "பள்ளிப்படை" என்ற சொல்லை யாரோ சொல்லக் கேட்டு, அங்கேயும் சமணப் பள்ளி இருந்தது போலும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் நண்பர்களிடம் விரிவாக விளக்கவும் செய்தேன். பள்ளிப்படை என்பது இறந்த அரசனின் நினைவிடத்தில் எழுப்பிய சிவாலயம் என்று தெரிந்தபோது ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

மேல்பாடியின் அரிஞ்சிகை ஈசுவரம், ஆற்றூரில் இறந்த அரிஞ்சயனுக்காக அவன் பேரன் முதலாம் இராசராசன் கட்டியது. அரிஞ்சயன், தக்கோலத்தில் மாண்ட இராசாதித்தனின் தம்பி. இராட்டிரகூடரிடம் இழந்து மீட்ட நிலத்தில் பாட்டனின் பெயரால் கோயில் எழுப்பி, ஊருக்கும் இராசாச்சிரயபுரம் என்று தன் பட்டப் பெயரைச் சூட்டிய செயலை, வெறும் பாட்டன்மீது கொண்ட பக்தி என்று மட்டும் நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். அது எல்லைக்கல் நடுவதற்குச் சமம். கோயிலோ அடக்கமானது, தஞ்சையின் ஆடம்பரம் எதுவும் அங்கே இல்லை.

ஆறாம் படி: கலையின் பாணியையும் சான்றாக நடத்துங்கள்

சோளிங்கர், அரக்கோணம் பகுதியிலுள்ள மகேந்திரவாடியில் வெட்டவெளியில் கிடக்கும் ஒற்றைப் பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்குக் கோயில் செய்தான். மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகக் கரையில், மகேந்திர விஷ்ணுகிருகம் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. ஊரும் ஏரியும் கோயிலும் மூன்றும் அவன் பெயரிலேயே! உள்ளே நின்று தூண்களைத் தடவிப் பாருங்கள். கீழும் மேலும் சதுரம், நடுவில் எண்பட்டை, அதிக அலங்காரமில்லை. அப்பரால் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்தவன் என்று மரபு கூறும் அரசன், திருமாலுக்கும் கோயில் குடைந்தான். கபாலிகரையும் பௌத்தத் துறவியரையும் பகடி செய்து மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகமும் எழுதினான். அந்த நாடகத்தின் பெயர் மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் வருகிறது. சமயத்தை அரியணையிலிருந்து ஆதரித்தவனே மேடையிலிருந்து நையாண்டியும் செய்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், "இந்த அரசன் இந்த மதம்" என்று ஒட்டும் சீட்டுகளில் பாதியைக் கிழித்துவிடலாம்.

வள்ளிமலையில் இதற்கு வேறு முகம். காட்பாடிப் பக்கத்தார்க்கு அது வள்ளி தினைப்புனம் காத்த மலை, முருகன் மணம்புரிந்த மலை. திருப்புகழை ஊரெங்கும் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள் தங்கிய இடமும் அதுவே. அதே மலையின் பாறைச்சரிவில் தீர்த்தங்கரர் வரிசையும், அவற்றோடு கன்னட மொழிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. கங்க மன்னன் இராசமல்லன் இந்த மலையைக் கண்டு அதைச் சமணர் உறைவிடமாக்கினான் என்று அவற்றுள் ஒன்று சொல்கிறது. வாணர் என்ற சிற்றரசர் மரபின் தலைநகராக இருந்த திருவல்லமும் பக்கத்திலேயே உள்ளது. இங்கே எது முதல், எது பின் என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அந்த வழக்குக்குள் போவதில்லை. படிக்கட்டில் காவடியோடு ஏறும் கூட்டம் கடந்து செல்லும் பாறையிலேயே இரண்டும் இருக்கின்றன என்பதை வரைபடத்தில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன்.

ஏழாம் படி: சட்டமும் வழக்கமும் பேசும் கல்லைத் தேடுங்கள்

எல்லாக் கல்வெட்டும் கொடை பற்றியதன்று. வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்து மார்க்கபந்து கோயிலில் சக ஆண்டு 1347இல், அதாவது 1425இல், விஜயநகர மன்னன் தேவராயர் காலத்தில் பொறிக்கப்பட்ட ஓர் உடன்படிக்கை உள்ளது. படைவீட்டு இராச்சியத்துக் கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் ஆகிய பிராமணர் அனைவரும் கூடி, இனிப் பெண்ணைக் கன்னிகாதானமாகவே கொடுப்பது என்றும், பெண்ணுக்குப் பொன் வாங்குபவரும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கும் சாதி விலக்குக்கும் உரியவர் என்றும் ஒப்பியிருக்கிறார்கள். பெண் வீட்டார் பொன் வாங்கிய காலம் ஒன்று இருந்தது என்பது, இன்றைய திருமண மண்டபப் பேரங்களைக் கண்டவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும். விரிஞ்சிபுரம் போகிறவர்கள் சிம்மக் கிணற்றைப் பார்க்காமல் திரும்புவதில்லை. இந்தக் கல்லைக் கேட்பவர் குறைவு.

எட்டாம் படி: கோட்டையைக் கடைசியில் வையுங்கள்

வெளியூரார் எல்லோரும் வேலூர்க் கோட்டையில் தொடங்குவார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், அங்கே நூற்றாண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருப்பதுதான். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு அடங்கிய பொம்ம நாயக்கரின் வழியினர் கட்டிய இந்தக் கோட்டையில், சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு நேரே செல்லுங்கள். யாளிமேலும் குதிரைமேலும் பாயும் வீரர்களைக் கொண்ட தூண்களைப் பார்த்த பிறகு கழுத்தை நிமிர்த்தி விதானத்தையும் பாருங்கள். நடுவே விரிந்த தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். வாயிலில் போர்க்களம், கூரையில் தோட்டம். பாளையக்காரர்கள் குதிரைப் படையால் அளக்கப்பட்ட காலத்தின் ரசனை இது.

இந்த மரபைச் சேர்ந்த வேலூர்ச் சின்ன பொம்மனே சைவ அறிஞர் அப்பைய தீட்சிதரின் புரவலன். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் தீட்சிதர் கட்டிய காலகண்டேசுவரர் கோயிலின் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சின்ன பொம்மன் அவரைப் பொன்னால் நீராட்டியதைக் கூறுகிறது. விஜயநகர அரசவையில் வைணவச் செல்வாக்கு ஓங்கியிருந்த காலத்தில், ஒரு சிற்றரசன் சைவ அறிஞருக்குக் கனகாபிஷேகம் செய்வது அறிவுக்குச் செய்த மரியாதை மட்டுமன்று, தனக்கென ஓர் இடம் கோரும் அறிவிப்பும்தான்.

பிறகு கோட்டை கைமாறிக் கைமாறி ஆங்கிலேயரிடம் வந்தது. கோயில் நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் குடும்பம் இங்கே காவலில் வைக்கப்பட்டது. சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணை, இந்து, இசுலாமியச் சிப்பாய்கள் இருவரையும் ஒருசேரச் சீண்டியது. 1806 சூலை 9 அன்று திப்புவின் மகள் திருமணம் நடந்தது. 10ஆம் நாள் விடியுமுன் துப்பாக்கிகள் வெடித்தன, மைசூரின் புலிவரிக் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டது. திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கு திரும்ப அழைக்கப்பட்டார். நெற்றித் திருநீறும் தாடியும் ஓர் அரசை ஒரு காலைப்பொழுதுக்குக் கவிழ்த்த இடத்தில் நிற்கிறோம் என்பதைக் கோட்டைக்குள் நடக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் கண்டியின் கடைசி மன்னன் விக்கிரம ராசசிங்கனும் இதே கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தான். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவன் நினைவிடம். 1846இல் கட்டிய தேவாலயமும் பழைய பள்ளிவாசலும் கோட்டைக்குள் நிற்கின்றன. 1981 மார்ச் 16 அன்று, சத்துவாச்சாரியில் வைத்துப் போற்றப்பட்டிருந்த இலிங்கம் மீண்டும் கோயிலுக்குள் கொண்டுவரப்பட்டது. அன்றோடு அந்தப் பழமொழியின் கடைசிப் பகுதி பொய்யாயிற்று.

ஒன்பதாம் படி: இரவில் ஒரு கூத்துக் களரிக்குப் போங்கள்

கல்லோடு நிறுத்திக்கொண்டால் இந்தப் படிப்பு பாதியில் நிற்கும். பங்குனி முதல் ஆடி வரை செய்யாறு, ஆரணி, வந்தவாசி வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துச் சொல்வார், இரவில் கூத்து. அரிதாரம் பூசி, கட்டை கட்டி, கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்தவர் திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டே வெளிப்படும் அந்த நேரத்தில், முகவீணையின் கீச்சொலி தூக்கத்தில் இருக்கும் குழந்தையையும் எழுப்பும். புரிசையின் தம்பிரான் பரம்பரை இந்தக் கலையை நாடகப் பள்ளிகள் வரைக்கும் கொண்டுபோனது. பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று காலையில் மண்ணால் கிடத்திய துரியோதனன் உருவத்தின் தொடையருகே, பாஞ்சாலி கூந்தல் முடிவதைப் பார்க்கும் ஊர்ப் பெண்கள் அதை நாடகம் என்று சொல்வதில்லை.

இங்கேயும் மூன்றாம் படியின் முறையைப் பின்பற்றுங்கள். விழா நோட்டீஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே அம்மன் துணை, அடுத்துத் தலைவர்களின் வண்ணப் படங்கள், பிறகு எந்த நாள் யாருடைய உபயம், கடைசியில் நாடக மன்றத்தின் பெயரும் வாத்தியாரின் பெயரும். எந்தத் தெருவாரின் உபயம் முதல் நாளில் வருகிறது, எந்தத் தெரு பட்டியலிலேயே இல்லை என்று விசாரித்தால், ஊரின் அரசியல் முழுதும் தெரிந்துவிடும். மெய்க்கீர்த்தி, கொடை, கொடுத்தவர், காப்பவர் என்ற அதே வரிசை, அச்சுத்தாளில்.

பத்தாம் படி: எழுதி, ஒப்பிட்டு, திருத்துங்கள்

வீடு திரும்பிய அன்றே குறிப்பை எழுதிவிட வேண்டும். கண்ணால் கண்டது, பிறர் சொன்னது, நீங்கள் ஊகித்தது ஆகிய மூன்றையும் வெவ்வேறு மையில் எழுதுங்கள். பிறகு 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளோடு ஒப்பிடுங்கள். திருமலையும் விரிஞ்சிபுரமும் முதல் தொகுதியிலேயே உள்ளன. அச்சில் இருப்பது கல்லில் இல்லாமல் போயிருந்தால் அதையும் பதியுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு சிற்றூர்க் கோயிலுக்குப் போயிருந்தேன். திருப்பணி நடந்து முடிந்து, அதிட்டானம் முழுவதும் பளபளவென்று சாயம் ஏறியிருந்தது. எழுத்திருந்த குமுதப் பட்டையைத் தேடி விரலால் தடவியபோது, சாயத்துக்கு அடியில் ஒரு "யாண்டு" மட்டும் தட்டுப்பட்டது. அதற்கு மேலே, இன்னும் பசை உலராமல், அந்த ஆண்டின் பாரத விழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது.